பிளஸ் டூ முடிவு வருவதற்குள் கல்லூரிச் செலவுக்கு என்ன செய்து வைக்கலாம்? கேள்விகளை இங்கே கேளுங்கள்

களக்காட்டு வாத்தியார்:

எங்கள் ஊர் நூலகத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஞாயிறு காலையில் நானும் இன்னும் சில ஆசிரியர்களும் உட்காருவோம். பிளஸ் டூ எழுதிய பிள்ளைகளும் பெற்றோரும் வருவார்கள். கலந்தாய்வு, உதவித்தொகை, கல்விக் கடன் என்று எதைக் கேட்டாலும் தெரிந்ததைச் சொல்லி, படிவத்தையும் கூடவே இருந்து நிரப்பிக் கொடுப்போம். ஒரே வருத்தம், பாதிப் பேர் ஜூலையில்தான் வருகிறார்கள். அதற்குள் வட்டிக்கு வாங்கி எங்காவது முன்பணம் கட்டியிருப்பார்கள். அதனால்தான் மே மாதமே இந்த இழை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சில சலுகைகளில் கட்டணம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ நாம் கட்ட வேண்டியதில்லை. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கும் பிள்ளைக்கான முதல் பட்டதாரி சலுகையும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் இந்த வகை. இன்னும் சில, நாம் சேர்ந்த பிறகு கணக்குக்கு வருபவை. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகைகள், மாணவிகளுக்கு மாதாமாதம் வரும் புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப்புதல்வன் எல்லாம் இதில் வரும். மிச்சத்துக்குத்தான் கல்விக் கடன். இந்த மூன்றும் ஒரே தேதியில் வந்து சேராது. கல்லூரி பணம் கேட்பது ஜூலை, ஆகஸ்ட்டில். உதவித்தொகை வருவது பல மாதம் கழித்து. குடும்பத்தின் சேமிப்பு வேலைக்கு ஆவது இந்த இடைவெளியில்தான். நாலு வருடக் கட்டணத்தையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்று பயந்துபோய் எதையுமே சேர்க்காமல் இருந்துவிடுகிறார்கள். முதல் பருவத்தைக் கடன் வாங்காமல் தாண்டுகிற அளவுக்கு வைத்திருந்தால் போதும், பாதிக் கவலை குறையும்.

சான்றிதழ் வேலையை இந்த வாரமே ஆரம்பியுங்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பொருந்தினால் முதல் பட்டதாரிச் சான்று. பிறப்பிடச் சான்றுக்கு எல்லோரும் அலைய வேண்டாம்; எட்டாம் வகுப்பிலிருந்து தமிழ்நாட்டிலேயே படித்தவர்களிடம் பொறியியல் கலந்தாய்வில் அதைக் கேட்பதில்லை. முடிவு வந்த பிறகு போனால் மொத்த ஊரும் இ-சேவை மையத்தில் நிற்கும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று கோப்பு நகர்வதற்குள் கலந்தாய்வுச் சரிபார்ப்பே முடிந்துவிடும்.

கேளுங்கள், தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள்.

சிவகாசி அம்மா:

வணக்கம் சார். என் பொண்ணு பிளஸ் டூ எழுதியிருக்கிறாள். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். வீட்டுக்காரர் ஆஃப்செட் பிரஸ்ஸில் வேலை. மகன் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறான். எங்கள் இரண்டு பக்கமும் யாரும் டிகிரி படித்ததில்லை. நேற்று ஒருவர் போன் செய்து, "மார்க் எவ்வளவு வந்தாலும் பரவாயில்லை, இப்போதே 25,000 கட்டினால் சீட் உறுதி, கடனும் நாங்களே வாங்கித் தருவோம்" என்றார். வீட்டுக்காரர் என் செயினை அடகு வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார். கட்டலாமா? அவள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் மீடியம். அவளுக்கு அந்த 7.5 கிடைக்குமா?

களக்காட்டு வாத்தியார்:

அம்மா, செயினைக் கழற்றாதீர்கள். அந்த ஆள் விற்பது நிர்வாக ஒதுக்கீட்டு இடம், கல்லூரியே நேரடியாக நிரப்புவது. அதில் கையெழுத்துப் போட்டால் முதல் பட்டதாரி சலுகை போய்விடும். அரசு நடத்தும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தால்தான் அது உண்டு. கட்டணமும் கூடுதல். 2017ல் கட்டண நிர்ணயக் குழு வைத்தபடி தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டுக்கு ஆண்டுக்கு 50,000, தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. இது ஏட்டில் உள்ள கணக்கு. நேரில் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

உங்கள் பொண்ணுக்கு முதல் பட்டதாரிச் சான்று கிடைக்கும். ஐ.டி.ஐ. பட்டம் ஆகாது, அண்ணன் படித்தது தடையில்லை. பெற்றோர், தாத்தா பாட்டி, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வருமான வரம்பு, சாதி எதுவும் இதற்குக் கிடையாது. பலர் இதைச் சாதிச் சலுகை என்று நினைத்து விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

7.5 கிடைக்காது. அது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மட்டும். உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளும் அதே தெருப் பிள்ளைகள்தான், அவர்களை விட்டது நியாயமில்லை என்பது என் கருத்து. ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. புதுமைப்பெண் கிடைக்கும். 2022ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு ஆரம்பித்ததை 2024 கடைசியில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். சேர்ந்த பிறகு கல்லூரி மூலமாகவே பதிவு செய்வார்கள்.

இன்னொன்று. அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் தெளிவாகவே சொல்லியிருக்கின்றன. அசல் மாட்டிக்கொண்டால் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தாலும் போக முடியாமல் நிற்பீர்கள்.

சேவை மையம் செல்வி:

இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் இரண்டு விஷயம்.

பெயர். ஆதாரில் "கார்த்திகா முருகேசன்", மதிப்பெண் பட்டியலில் "கார்த்திகா எம்", சாதிச் சான்றில் "மு. கார்த்திகா", வங்கியில் "கார்த்திகா" மட்டும். நமக்கு நாலும் ஒரே பிள்ளை. உதவித்தொகை இணையதளத்துக்கு நாலு பிள்ளை. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு வங்கிக்குப் போங்கள். வரிசை மாறினால் இரண்டு முறை அலைய வேண்டும்.

அடுத்தது கணக்கு. "ஆதார் லிங்க் செய்தாச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். ஆதார் எண்ணை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் வருவதற்காக, வங்கிகளுக்கு இடையே பணம் நகர்த்தும் என்.பி.சி.ஐ. அமைப்பில் அந்தக் கணக்கைப் பதிந்திருப்பது வேறு. அரசுப் பணம் கடைசியாகப் பதிந்த கணக்குக்குத்தான் போகும். பள்ளியில் திறந்து கொடுத்த கணக்கு இரண்டு வருடமாகப் பயன்படுத்தாமல் முடங்கிக் கிடக்கும். இல்லையென்றால் எப்போதோ போனில் பட்டனைத் தட்டித் திறந்த வேறொரு கணக்கு பதிவாகியிருக்கும். பணம் வரவில்லை என்று கல்லூரியில் சண்டை போடுகிறார்கள், பணமோ அங்கே கிடக்கிறது. வங்கிக்குப் போய் "டி.பி.டி. பணம், அதாவது அரசு நேராகப் போடும் பணம், இந்தக் கணக்குக்கு வர வேண்டும்" என்று படிவம் எழுதிக் கொடுங்கள். சில நாள் கழித்து ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி பதிவாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பட்டதாரிக்கு வருபவர்கள் வீட்டில் எல்லோருடைய படிப்பு விவரத்தையும் எழுதிக்கொண்டு வாருங்கள். இறந்துபோன தாத்தா பெயர் உட்பட. மையத்தில் நின்றுகொண்டு சித்தப்பாவுக்கு போன் போட்டு "தாத்தா எதுவரை படிச்சார்" என்று கேட்பது தினமும் நடக்கிறது.

மதுரை வங்கிக்காரன்:

பொதுத்துறை வங்கியில் கடன் பிரிவில் இருக்கிறேன். கல்விக் கடன் பற்றி நான் எழுதுகிறேன்.

4 லட்சம் வரை எந்த அடமானமும் கேட்கக் கூடாது. நம் பங்காக ஒரு ரூபாய்கூடப் போட வேண்டியதில்லை. வீட்டுப் பத்திரம், வைப்புத்தொகை ரசீது, இன்சூரன்ஸ் பாலிசி எதையாவது கொண்டு வா என்று கிளையில் சொன்னால் அது விதியில் இல்லாதது. 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதன்கீழ் கொடுத்தால் அப்போதும் அடமானம் கிடையாது. 2024 நவம்பரில் அறிவித்த மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமி, பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் வழக்கமான கல்விக் கடன் இருக்கவே இருக்கிறது.

கடனில் கல்லூரிக் கட்டணம் மட்டும் அடங்கும் என்று நினைக்காதீர்கள். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாம் சேரும். கல்லூரியிலிருந்து படிப்புச் சான்றோடு நாலு வருடத்துக்குமான கட்டண விவரத்தையும் ஒரே தாளில் வாங்குங்கள். முதல் வருடத்துக்கு மட்டும் வாங்கி வந்தால் ஒவ்வொரு வருடமும் புதுக் கடன் மாதிரி அலைய நேரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நாலு லட்சம் வாங்குகிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை, ஆனால் தனிவட்டி ஏறிக்கொண்டிருக்கும். முதல் லட்சத்துக்கு 5 வருட வட்டி, அடுத்ததற்கு 4, பிறகு 3, 2. மொத்தம் 1,40,000. தவணை ஆரம்பிக்கும்போது கடன் 5,40,000. பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் ஏறக்குறைய 7,140.

குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, படிப்பும் கல்லூரியும் விதிக்குள் வந்தால், அந்த 1,40,000ஐ மத்திய அரசு ஏற்கும். அப்போது தவணை 5,290 அளவில் நிற்கும். இதற்கு வேண்டியது வட்டாட்சியர் அலுவலக வருமானச் சான்று. அதைக் கடன் வாங்கும்போதே கொடுத்து, "வட்டி மானியத்துக்குப் பதிவு செய்யுங்கள்" என்று எழுதியும் கொடுங்கள். இதை இரண்டாவது தடவையும் சொல்கிறேன், எழுதிக் கொடுங்கள். வங்கி பதிவு செய்தால்தான் மானியம் வரும். வாயால் சொன்னது அடுத்த மேலாளர் மாறியதும் காற்றோடு போகும். தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்குத்தான் இந்த மானியம். சாதாரண பி.ஏ., பி.எஸ்சி.க்கு எதிர்பார்க்காதீர்கள்.

பொன்னமராவதிக்காரர்:

எல்லோரும் கடன் கடன் என்கிறீர்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை தலையில் அஞ்சு லட்சத்தைக் கட்டி அனுப்புவது என்ன நியாயம்? நான் வருடா வருடம் நகைச் சீட்டு போட்டு வைத்தேன். மகன் படிப்புக்கு விற்றேன். யாரிடமும் கைகட்டி நிற்கவில்லை. தங்கம் ஏறிய ஏற்றத்துக்கு எந்த வங்கி வட்டி ஈடு? பேங்க்காரர் பதில் சொல்லட்டும்.

மதுரை வங்கிக்காரன்:

அண்ணே, தங்கம் ஏறியதை மறுக்க முடியாது. ஆனால் நகைச் சீட்டில் கிடைப்பது நகை. செய்கூலி, சேதாரம் என்று போகும், விற்கும்போது அது திரும்பி வராது. எங்கள் கிளையில் ஜூன் மாதம் பார்ப்பது என்னவென்றால், யாரும் நகையை விற்பதில்லை, அடகு வைக்கிறார்கள். நகைக் கடனுக்கு அடுத்த நாளே வட்டி ஓட ஆரம்பிக்கும். வருடத்தில் திருப்ப வேண்டும், இல்லையென்றால் மறு அடகு. கடைசியில் பிள்ளை மூன்றாம் வருடம் படிக்கும்போது நகை ஏலத்துக்கு வந்து நிற்கும். விற்பதென்று முடிவு செய்து விற்ற நீங்கள் தப்பித்தீர்கள்.

கடனை முடித்தவன்:

நான் கடன் வாங்கிப் படித்தவன், போன வருடம்தான் முடித்தேன். பொன்னமராவதி அண்ணன் சொல்வதில் பாதி சரி. கடனை எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் வாங்கக் கூடாது. என்னுடன் படித்தவர்களில் சிலர் பெரிய தொகையாக வாங்கி, முதல் வேலையில் பதினெட்டாயிரம் சம்பளத்தில் சென்னையில் அறை வாடகையும் கட்டி, தவணையும் கட்ட முடியாமல், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் கெட்டுப் போனார்கள். வேலை கிடைக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்களும் உண்டு. வங்கியில் முன்கூட்டியே சொல்லியிருந்தால் கால நீட்டிப்புக் கேட்டிருக்கலாம். சொல்லாமல் போனை எடுக்காமல் இருந்ததுதான் அவர்களை இழுத்துவிட்டது.

எங்கள் வீட்டில் அம்மா செய்தது என்னவென்றால், மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டே வந்தார். முதல் வருடம் எண்ணூறு ரூபாய் போல இருந்தது, கடைசி வருடம் மூவாயிரத்தைத் தாண்டியது. சுயஉதவிக் குழுவில் சேர்ந்த காசு. தவணை ஆரம்பித்தபோது அசல் மட்டும்தான் நின்றது. படிக்கும் காலத்தில் வட்டி கட்டினால் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம் குறைக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். மானியம் கிடைப்பவர்களுக்கு இந்தப் பேச்சே தேவையில்லை.

சம்பளத்தில் வருமான வரி பிடிப்பவர்கள் கல்விக் கடன் வட்டிக்கான வரிக் கழிவைப் பாருங்கள் (1961 சட்டத்தில் 80இ பிரிவு). கட்டும் வட்டி முழுவதையும் எட்டு வருடம் வரை கழிக்கலாம். பழைய வரி முறையில் இருந்தால்தான் இது.

தேனி அப்பா:

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் ஆறாம் வகுப்பு, சின்னவளுக்கு மூன்று வயது. தோட்ட வேலை, வருமானம் ஒரே சீராக வராது. இப்போதிருந்து என்ன செய்யலாம்? தபால் நிலையத்தில் பெரியவளுக்குச் செல்வமகள் கணக்கு (பெண் குழந்தைகளுக்கான சேமிப்புத் திட்டம்) திறக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

களக்காட்டு வாத்தியார்:

பத்து வயதுக்குள் திறக்க வேண்டும் தம்பி, அதனால் பெரியவளுக்கு வாய்ப்பில்லை. சின்னவளுக்கு நாளைக்கே திறந்துவிடுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், உச்சம் ஒன்றரை லட்சம். வருமானம் சீராக இல்லாதவர்களுக்கு இது தோதான ஏற்பாடு. விளைச்சல் வந்த மாதம் போடுங்கள், வராத மாதம் விடுங்கள். இப்போது வட்டி 8.2 சதவீதம், ஒவ்வொரு காலாண்டும் அரசு மாற்றலாம். 15 வருடம் கட்ட வேண்டும், 21 வருடத்தில் முதிர்ச்சி. அவளுக்கு 18 வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம். முந்தைய நிதியாண்டுக் கடைசியில் இருந்த தொகையில் பாதி. முழுப் பணமும் 18 வயதில் கைக்கு வரும் என்று சில முகவர்கள் சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பெரியவளுக்கு ஏழு வருடம் இருக்கிறது. தபால் நிலையத் தொடர் வைப்பு, ஐந்து வருடம். மாதம் 1,000 போட்டால், இப்போதுள்ள 6.7 சதவீதத்தில் 71,000க்குச் சற்று மேல் வரும். அவள் பிளஸ் ஒன்னுக்குப் போகும் சமயம் முடியும். அதை அப்படியே இரண்டு வருட வைப்பில் போட்டால் கல்லூரி சேரும் மாதத்துக்குக் கையில் இருக்கும். நான் முதலில் சொன்ன இடைவெளிக்கு அது தாராளம். மாதம் ஆயிரம் முடியாதென்றால் ஐந்நூறு. தவணை தவறினால் சின்ன அபராதம் உண்டு, அதனால் கட்ட முடிகிற தொகையை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

பெண் பிள்ளையின் படிப்புக்கு என்று சேர்த்ததைச் சடங்குக்கு எடுக்காதீர்கள் என்றும் சொல்லத் தோன்றுகிறது. எங்கள் பக்கம் மண்டபத்துக்குப் போன கல்லூரிப் பணம் நிறைய.

திருச்சி தம்பி:

அண்ணா, நான் டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டு சேர்கிறேன். வங்கியில் அப்பாவின் சிபில் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா முன்பு வாங்கிய டிராக்டர் கடன் நிலுவையில் இருக்கிறது. இன்னொரு வங்கியில் "உங்கள் தெரு எங்கள் எல்லைக்குள் இல்லை" என்கிறார்கள்.

மதுரை வங்கிக்காரன்:

தம்பி, எல்லை என்ற காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சொல்லியாகிவிட்டது. சிபில் விஷயம் கொஞ்சம் சிக்கல். மாணவனின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. அது உங்கள் ஊர்க் கிளையைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக் காட்டலாம். அப்பா கடன் நிலுவையென்றால் அம்மாவை இணைக் கடன்தாரராகப் போட்டுக் கேளுங்கள். நிலுவையைப் பேசி முடிக்க வழியிருந்தால் முடித்து, சான்று வாங்கிக்கொண்டு போங்கள்.

நேரில் போய் "இல்லை" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், கிளை மேலாளர் தனியாக மறுக்கவும் முடியாது, மேலிடத்து ஒப்புதல் வேண்டும். எழுத்தில் கேட்ட உடனே பல இடத்தில் பேச்சு மாறும், நான் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், செலவு கிடையாது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கல்விக் கடன் முகாம் நடத்தும்போது போனால் எல்லா வங்கிகளும் ஒரே கூரைக்கு அடியில் இருக்கும்.

சிவகாசி அம்மா:

சார், அந்த ஆளுக்குப் பணம் கட்டவில்லை. வீட்டுக்காரருக்கு இன்னும் மனசு ஆறவில்லை, "சீட் போய்விட்டால் யார் பொறுப்பு" என்கிறார். முதல் பட்டதாரிக்கு விண்ணப்பித்துவிட்டோம், வருவாய் ஆய்வாளரிடம் நிற்கிறது. ஒரு சந்தேகம். கடன் கிடைப்பதற்கு முன்பே கல்லூரியில் முதல் கட்டணம் கேட்பார்களே, அதைக் கட்டிவிட்டால் பிறகு கடனில் அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?

மதுரை வங்கிக்காரன்:

ரசீது இருந்தால் பல கிளைகளில் கொடுப்போம் அம்மா. கல்லூரி முத்திரையுள்ள அசல் ரசீது, கட்டிய தேதி, வங்கி வழியாகக் கட்டிய சுவடு, இவை வேண்டும். ரொக்கமாகக் கட்டி வெள்ளைத் தாளில் எழுதி வாங்கி வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஒதுக்கீட்டு ஆணை கையில் வந்த அன்றே கடனுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், கல்லூரியில் சேர்ந்த பிறகு வரலாம் என்று தள்ள வேண்டாம். விண்ணப்பித்த சான்றைக் காட்டிக் கல்லூரியில் அவகாசம் கேட்டுப் பாருங்கள், சிலர் கொடுக்கிறார்கள்.

சேவை மையம் செல்வி:

அக்கா, வருவாய் ஆய்வாளரிடம் நிற்கிறதென்றால் விண்ணப்ப எண்ணை எடுத்துக்கொண்டு நேரில் ஒரு நடை போய்வாருங்கள். ஜமாபந்தி என்னும் வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கை நடக்கும் நாட்களில் அலுவலகத்தில் ஆள் பிடிப்பது கஷ்டம், காலையிலேயே போங்கள். பாட்டி பெயரை விட்டிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.